ட்ரிஃப்ட்டும் அதன் கட்டுப்பாடும்: பொறியியல், பொருளாதார ஆய்வு மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ட்ரிஃப்ட் என்று எதைச் சொல்கிறோம்? இரைச்சலிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

ஒரு கருவியின் அளவீடோ ஒரு பொருளாதாரத் தொடரோ இருந்த இடத்தைவிட்டு மெல்ல நகர்ந்து, தானாகத் திரும்பி வராமல் போனால் அது ட்ரிஃப்ட். நூறு அளவுகளைச் சராசரி எடுத்தால் வெள்ளை இரைச்சல் (ஒன்றோடொன்று தொடர்பில்லாத தற்செயல் ஏற்ற இறக்கம்) பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ட்ரிஃப்ட் அந்தச் சராசரிக்குள்ளேயே அப்படியே தங்கியிருக்கும்.

இதில் இரண்டு கூறுகள் கலந்திருக்கும். ஒன்று, படிக்குப் படி ஒரே அளவு ஏறும் அல்லது இறங்கும் நிலையான சாய்வு. மற்றது ரேண்டம் வாக்: எந்தப் பக்கம் போகும் என்று சொல்லமுடியாத சிறு அடிகள் சேர்ந்துகொண்டே போவது. பொருளாதாரத்தில் முதலாவதை மட்டும் ட்ரிஃப்ட் என்பார்கள்; கருவியியலில் இரண்டையும் அப்படித்தான் சொல்வார்கள். இரு துறைகளையும் சேர்த்து ஆய்வு செய்பவர் எதைக் குறிக்கிறார் என்பதை முதல் அத்தியாயத்திலேயே எழுதிவிட வேண்டும். இரண்டுக்கும் தேவைப்படும் கட்டுப்பாடு வேறு.

இவ்வளவு சிறிய நகர்வுக்காக ஓர் ஆய்வா?

கைக்கடிகாரங்களிலும் மைக்ரோகன்ட்ரோலர் பலகைகளிலும் இருக்கும் 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸ் படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 25 டிகிரி செல்சியஸில் அது சரியாக ஓடும். அங்கிருந்து விலகும் டிகிரியின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் வருவது, பத்து லட்சத்தில் எத்தனை பங்கு மெதுவாகிறது என்ற கணக்கு. வெயிலில் நிற்கும் பெட்டிக்குள் 65 டிகிரி என்றால் 40-இன் வர்க்கம் 1600. பத்து லட்சத்தில் 54 பங்கு. நாளொன்றுக்கு ஏறக்குறைய 4.7 வினாடி பின்தங்கும்.

உயிர்களைப் பறித்த உதாரணமும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் ஒரு பேட்ரியட் ஏவுகணைத் தளம், வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். நேரத்தை வினாடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிய அந்தக் கணினி, 0.1 என்ற எண்ணை 24 பிட்டில் வெட்டிச் சேமித்திருந்தது. ஒவ்வோர் எண்ணலிலும் ஒரு கோடியில் ஒரு பங்கு வினாடிக்கும் குறைவான பிழை. 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியபின் அது 0.34 வினாடி. ஸ்கட் அதற்குள் அரை கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும். அமைப்பை அவ்வப்போது நிறுத்தி மீண்டும் இயக்கியிருந்தாலே பிழை பூச்சியத்துக்கு வந்திருக்கும். திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு மறுநாள்தான் வந்தது.

எவ்வளவு தரவு வேண்டும்? வேகமாக மாதிரி எடுத்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: சாய்வை மதிப்பிடும் துல்லியத்தைத் தீர்மானிப்பது மாதிரிகளின் எண்ணிக்கை அல்ல, மொத்தக் கால நீளம்.

பங்குச் சந்தைக் குறியீட்டில் இது பளிச்சென்று தெரியும். ஆண்டுச் சராசரி வளர்ச்சி என்பது, கடைசி மதிப்பின் லாகரிதத்திலிருந்து முதல் மதிப்பின் லாகரிதத்தைக் கழித்து ஆண்டுகளால் வகுத்தது. நடுவில் இருக்கும் தினசரி விலைகள் எல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடுகின்றன. ஆண்டு ஏற்ற இறக்கம் 20% என்றால் மதிப்பீட்டின் திட்டப் பிழை, 20%-ஐ ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் வகுத்தது. 25 ஆண்டுத் தரவில் அது 4%. அதாவது சராசரி 12% என்று வந்தால் உண்மை 4-க்கும் 20-க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். பிழையை 2% ஆக்க 100 ஆண்டுகள் வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் விலை வாங்கி வைத்தாலும் இது மாறாது. ஏற்ற இறக்கத்தை மதிப்பிட மட்டும் அடர்த்தியான தரவு நன்றாகவே உதவும். ராபர்ட் மெர்ட்டன் 1980-இல் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதிக் காட்டினார்.

கருவியிலும் கதை இதுவே. ஒரு மணி நேரப் பதிவை வைத்து மாதாந்திர ட்ரிஃப்ட்டைச் சொல்ல முடியாது. மாதிரி வேகம் நூறாக இருந்தாலும் ஆயிரமாக இருந்தாலும்.

ஜைரோ (சுழற்சி வேகத்தை அளக்கும் ஜைரோஸ்கோப்), கடிகாரம், மின்னழுத்த மூலம் போன்றவற்றில் ட்ரிஃப்ட்டை எப்படி அளப்பது?

ஆலன் விலக்கம் என்ற முறையில். டேவிட் ஆலன் 1966-இல் அணுக் கடிகாரங்களுக்காக உருவாக்கியது; இன்று ஜைரோஸ்கோப் ஆய்வுகளில் இது இல்லாத அத்தியாயமே இல்லை.

கருவியை அதிர்வில்லாத கனமான மேசையில் பொருத்துங்கள். மின்சாரம் கொடுத்ததும் வரும் முதல் அரை மணி நேரத் தரவைத் தனியாக வைத்துவிடுங்கள். அது சூடேறும் காலம், அதைக் கலந்தால் எல்லாமே கெடும். பிறகு 100 ஹெர்ட்ஸில் 8 மணி நேரம் இடைவிடாமல் பதிவு செய்தால் 28.8 லட்சம் மாதிரிகள் கிடைக்கும். பக்கத்திலேயே ஒரு வெப்பமானியும் ஓடட்டும்.

தரவைச் சம நீளத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் சராசரியையும் எடுத்து, அடுத்தடுத்த சராசரிகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, சராசரி கண்டு, இரண்டால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். துண்டு நீளத்தை மாற்றி மாற்றி இதைச் செய்து, இரண்டு அச்சிலும் லாகரிதம் வைத்து வரையுங்கள். வளைவு அரைச் சாய்வில் இறங்கும் பகுதி வெள்ளை இரைச்சல். அதன் அளவைத் துண்டு நீளம் 1 வினாடி ஆகும் இடத்தில் படிக்கலாம். தட்டையாகும் அடிப்பகுதியை 0.664-ஆல் வகுத்தால் வருவது பயஸ் நிலையின்மை, அதாவது கருவி உண்மை மதிப்போடு கூட்டிக் காட்டும் பிழை (பயஸ்) எவ்வளவு அலைகிறது என்பது. அரைச் சாய்வில் ஏறும் பகுதி ரேண்டம் வாக். அதைத் துண்டு நீளம் 3 வினாடி ஆகும் இடத்தில் படிக்க வேண்டும். முழுச் சாய்வில் ஏறினால் அது நிலையான ட்ரிஃப்ட்.

தவறுகள் பெரும்பாலும் வலது ஓரத்தில்தான் நடக்கின்றன. மொத்தப் பதிவில் ஒன்பது துண்டுகள் மட்டும் இருக்கும் இடத்தில், அதாவது 8 மணி நேரப் பதிவில் சுமார் 53 நிமிடத்தில், மதிப்பீட்டின் பிழையே 25%. அங்கே தெரியும் ஒரு சிறு வளைவை வைத்துப் பெரிய முடிவு எழுதக் கூடாது. இன்னொன்று, அறையின் ஏ.சி. கம்ப்ரஸர் நின்று நின்று ஓடும்போது வளைவில் ஒரு மேடு தோன்றும். வெப்பப் பதிவு இல்லாவிட்டால் அதைக் கருவியின் குணம் என்று நினைத்துவிடுவீர்கள்.

ஒரே ஒரு உணரி இருக்கிறது. ஒப்பிட வேறு எதுவும் இல்லை. ட்ரிஃப்ட்டைப் பிரித்தெடுக்க முடியுமா?

முடியாது. உணரி தருவது உண்மை மதிப்பும் பயஸும் சேர்ந்த கூட்டுத்தொகை. இரண்டும் மெல்ல நகரக்கூடியவை என்றால் எந்தக் கால்மன் வடிப்பானும் (இரைச்சலான அளவுகளிலிருந்து மறைந்த நிலையைப் படிப்படியாக மதிப்பிடும் நிரல்) கூட்டுத்தொகையை மட்டுமே காணும், பிரிக்காது. அந்தப் பயஸ் நிலையை எழுதி, நிரலை ஓட்டி, வந்த எண்ணை நம்பி அத்தியாயம் முடிப்பது முதுநிலை ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழை. அளவுகளிலிருந்து எல்லா நிலைகளையும் பிரித்தறிய முடியுமா என்று காட்டும் காணத்தக்க தன்மை அணியின் தரத்தை (ரேங்க்) முதலில் கணக்கிடுங்கள். முழுத் தரம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

தீர்வு, உண்மை மதிப்பு தெரிந்த ஒரு கணத்தை உருவாக்குவது. காலில் கட்டிய ஜைரோ, முடுக்கமானிக்குப் பாதம் தரையில் ஊன்றி நிற்கும் கணம் (திசைவேகம் பூச்சியம்). வாயு உணரிக்குத் தூய காற்று. மின்பெருக்கிக்கு உள்ளீட்டைக் குறுக்கிணைத்து வைக்கும் கணம்; ஆட்டோ-ஜீரோ சிப்புகள் இதை உள்ளேயே வினாடிக்குப் பல ஆயிரம் முறை செய்கின்றன. எல்.எம்.358 என்ற சாதாரண மின்பெருக்கிச் சிப்பின் உள்ளீட்டுப் பிழை டிகிரிக்குச் சுமார் 7 மைக்ரோவோல்ட் நகரும். 20 டிகிரி ஏறி, பெருக்கம் 1000 ஆக இருந்தால் வெளியீட்டில் 140 மில்லிவோல்ட். ஓ.பி.ஏ.333 போன்ற ஆட்டோ-ஜீரோ சிப்பில் உச்ச வரம்பே டிகிரிக்கு 0.05 மைக்ரோவோல்ட், அதே நிலையில் 1 மில்லிவோல்ட்டைத் தாண்டாது. மென்பொருளில் மாதக்கணக்கில் போராடுமுன் இந்தச் சிப்பை மாற்றிப் பாருங்கள்.

ஒப்பீட்டு அளவே நகர்ந்தால்?

பாரிஸ் அருகே வைத்திருந்த சர்வதேச மூலக் கிலோகிராமுக்கு அதுதான் நேர்ந்தது. 1889-இல் ஏற்கப்பட்ட அந்தப் பிளாட்டினம்-இரிடியம் உருளைக்கும் அதன் நகல்களுக்கும் இடையே நூறாண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வேறுபாடு வந்தது. மூலம் இளைத்ததா, நகல்கள் கனத்தனவா என்று சொல்ல வழியே இல்லை, ஏனெனில் கிலோகிராம் என்பதே அந்த உருளைதான். 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோகிராம் வரையறுக்கப்படுகிறது. உங்கள் ஆய்வகத்தில் குறைந்தது மூன்று ஒப்பீடுகள் வேண்டும். இரண்டு இருந்தால் எது நகர்ந்தது என்று தெரியாது.

பொருளாதாரத் தொடரில் ட்ரிஃப்ட் இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

முதலில் லாகரிதம் எடுத்து வரைந்து கண்ணால் பாருங்கள். மேல்நோக்கிய போக்கு இருந்தால், தொடர் ரேண்டம் வாக்கா என்று பார்க்கும் டிக்கி-ஃபுல்லர் சோதனையில் மாறிலி, காலப் போக்கு இரண்டையும் சேர்க்க வேண்டும். எதைச் சேர்க்கிறோமோ அதற்கேற்ப 5% எல்லை மாறும்: ஒன்றும் இல்லையென்றால் −1.95, மாறிலி மட்டும் என்றால் −2.86, போக்கும் சேர்ந்தால் −3.41. வழக்கமான டி-அட்டவணையின் −1.65-ஐ இங்கே பயன்படுத்தக் கூடாது. பின்தங்கல் (சோதனையில் சேர்க்கும் முந்தைய காலங்கள்) எண்ணிக்கையின் மேல் வரம்புக்கு ஷ்வெர்ட் விதி: மாதிரி எண்ணிக்கையை 100-ஆல் வகுத்து, நான்காம் மூலம் எடுத்து, 12-ஆல் பெருக்குங்கள். 200 மாதத் தரவுக்கு 14 வரும்.

இச்சோதனை தொடக்கத்தில் உண்மை என்று எடுத்துக்கொள்ளும் இன்மைக் கருதுகோள் ‘யூனிட் ரூட் இருக்கிறது’, அதாவது தொடர் ரேண்டம் வாக் போல நகர்கிறது என்பது. நிராகரிக்க முடியவில்லை என்பதால் இருக்கிறது என்று நிரூபணமாகிவிடாது. முந்தைய மதிப்பின் கெழு 1-க்குப் பதில் 0.95 ஆகவும் மாதிரிகள் நூறாகவும் இருந்தால் சோதனைக்கு அதைக் கண்டுபிடிக்கும் திறன் மிகக் குறைவு. ஆகவே ‘யூனிட் ரூட் இல்லை’ என்று தொடங்கி எதிர்ப்பக்கமிருந்து வரும் கே.பி.எஸ்.எஸ். சோதனையையும் ஓட்டுங்கள். இரண்டும் முரண்பட்டால், முரண்படுவதையே ஆய்வேட்டில் எழுதுங்கள். பிடித்த ஒன்றை மட்டும் காட்டுவது நேர்மையல்ல.

ரேண்டம் வாக் தொடருக்கு நேர்கோட்டைப் பொருத்தி, எச்சத்தில் (கோட்டைக் கழித்தபின் மிஞ்சுவதில்) தெரியும் அலைகளை ‘வணிகச் சுழற்சி’ என்று விளக்குவதும் பழைய பிழை. அந்த அலைகளை உண்டாக்கியதே அந்தக் கோடுதான்.

இரண்டு தொடர்கள் சேர்ந்தே ஏறுகின்றன. பொருத்தம் எவ்வளவு என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.9. தொடர்பு உறுதிதானே?

உறுதியில்லை. கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-இல், ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லாத ரேண்டம் வாக் தொடர்களை உருவாக்கி ரிக்ரெஷன் செய்தார்கள் (ஒன்றின் மீது மற்றொன்றைக் கோடாகப் பொருத்தினார்கள்). ஏறக்குறைய நான்கில் மூன்று முறை ‘குறிப்பிடத்தக்க தொடர்பு’ வந்தது. ஆர்-ஸ்கொயர், அடுத்தடுத்த எச்சங்கள் தொடர்புடையனவா என்று காட்டும் டர்பின்-வாட்சன் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

உண்மையாகவே பிணைந்த தொடர்கள் என்றால் அவற்றின் வித்தியாசம் நகராமல் நிற்கும். எங்கிளும் கிரேஞ்சரும் 1987-இல் வகுத்த கோஇன்டெக்ரேஷன் சோதனை இதைத்தான் பார்க்கிறது: ரிக்ரெஷன் எச்சத்தில் யூனிட் ரூட் சோதனை. ஆனால் எச்சம் ஏற்கெனவே மதிப்பிட்டு எடுத்தது என்பதால் எல்லை −2.86 அல்ல, இரண்டு தொடர்களுக்குச் சுமார் −3.34. மென்பொருளின் சாதாரண ஏ.டி.எஃப். (டிக்கி-ஃபுல்லர்) கட்டளையை எச்சத்தின் மேல் ஓட்டினால் தவறான அட்டவணையையே காட்டும். வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்.

தொடரில் ஓர் இடத்தில் திடீர்த் தாவல் இருந்தால்?

அது ட்ரிஃப்ட் அல்ல, முறிவு. முறிவைக் கவனிக்காத சோதனை அதை யூனிட் ரூட் என்று சொல்லிவிடும். பியர் பெரோன் 1989-இல் இதைக் காட்டினார். அடிப்படை ஆண்டு மாறிய குறியீட்டுத் தொடரை அப்படியே ஒட்டுவது, பாதியில் உணரியை மாற்றிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதாமல் விடுவதற்குச் சமம். இணைப்புக் காரணியால் பெருக்கி, ஒட்டிய மாதத்தைப் படத்தில் கோடிட்டுக் காட்டுங்கள்.

மெல்ல நகர்வதைச் சீக்கிரம் கண்டுபிடிக்க எந்த வரைபடம்?

குசம். இ.எஸ். பேஜ் 1954-இல் தந்த திரள் கூட்டல் முறை. இலக்கிலிருந்து ஒவ்வோர் அளவின் விலகலையும் எடுத்து, அரை திட்ட விலக்கத்தைக் கழித்து, முந்தைய கூட்டலோடு சேர்த்துக்கொண்டே போங்கள். எதிர்க்குறி வந்தால் பூச்சியமாக்குங்கள். கீழ்நோக்கிய நகர்வுக்கு இன்னொரு கூட்டல். ஏதேனும் ஒன்று 5 திட்ட விலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கை. இந்த அமைப்பில் ஒரு திட்ட விலக்க நகர்வைச் சராசரியாகச் சுமார் 10 மாதிரிகளில் பிடிக்கலாம். ஒரு தனி அளவு மூன்று திட்ட விலக்கத்தைத் தாண்டினால் எச்சரிக்கும் மூன்று சிக்மா ஷூவார்ட் வரைபடத்துக்கு 44 ஆகும். குசத்தில் பொய் எச்சரிக்கை சராசரியாக 465 மாதிரிக்கு ஒருமுறை.

திட்ட விலக்கத்தை மொத்தத் தரவிலிருந்து கணக்கிட வேண்டாம். ட்ரிஃப்ட் அதை ஊதிவிடும். அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசங்களைக் குறியின்றிச் சராசரி எடுத்து 1.128-ஆல் வகுங்கள். தன்னொட்டுறவு (ஓர் அளவு முந்தைய அளவைச் சார்ந்திருப்பது) இருந்தால் இந்த எண்ணும் கெட்டுவிடும். முதலில் முந்தைய அளவுகளிலிருந்து அடுத்ததைக் கணிக்கும் ஒரு ஏ.ஆர். மாதிரியைப் பொருத்தி, எச்சத்துக்கு வரைய வேண்டும்.

கண்டுபிடித்தாகிவிட்டது. எவ்வளவு திருத்துவது?

முழுமையாகத் திருத்தினால் கெடுக்கிறீர்கள். வெறும் இரைச்சலுக்கு ஒவ்வொரு முறையும் முழுத் திருத்தம் கொடுத்தால் விலக்க வர்க்கச் சராசரி (திட்ட விலக்கத்தின் வர்க்கம்) இரட்டிப்பாகும். திருத்தும் பங்கை லாம்டா என்போம். இரைச்சல் பெருகும் மடங்கு 2-ஐ (2 − லாம்டா)-ஆல் வகுத்தது. மறுபுறம், படிக்கு ஒரே அளவு நகரும் ட்ரிஃப்ட்டுக்கு லாம்டா சிறிதாக இருந்தால் நிரந்தர விலகல் மிஞ்சும்: படி நகர்வை லாம்டாவால் வகுத்தது.

சிப் தயாரிப்பில் மெருகேற்றும் பட்டை தேய்வதை எடுத்துக் கணக்கிடுவோம். இரைச்சலின் திட்ட விலக்கம் 5 நானோமீட்டர், வேஃபருக்கு வேஃபர் (சிப் செய்யும் சிலிக்கான் வில்லை) நகர்வு 1 நானோமீட்டர் என்று வையுங்கள். லாம்டா 0.1 என்றால் இரைச்சல் பங்கு (5-இன் வர்க்கம் 25-ஐ மேலே சொன்ன மடங்கால் பெருக்கியது) 26, விலகலின் வர்க்கம் 100, மொத்தம் 126. 0.3 என்றால் 29-உம் 11-உம் சேர்ந்து சுமார் 40. 0.5-இல் 33-உம் 4-உம், 37. 0.8-இல் மீண்டும் 43-க்கு ஏறுகிறது. ஆக 0.5-ஐ ஒட்டிய மதிப்பே இங்கு நல்லது. தேய்வு சீரானது என்று உறுதியாகத் தெரிந்தால், நகர்வின் வேகத்தையும் தனியே மதிப்பிடும் இரட்டை வடிகட்டி நிரந்தர விலகலை நீக்கிவிடும்.

நகர்வு ரேண்டம் வாக் என்றால் சிறந்த லாம்டாவுக்குச் சூத்திரம் உண்டு. நகர்வடியின் (ரேண்டம் வாக்கின் ஒவ்வொரு சிறு அடியின்) விலக்க வர்க்கச் சராசரியை இரைச்சலினுடையதால் வகுத்து வரும் விகிதம் 0.1 என்றால் லாம்டா 0.27. இதுதான் கால்மன் வடிப்பானின் நிலைத்த பெருக்கமும். ருடால்ஃப் கால்மன் தன் கட்டுரையை வெளியிட்ட அதே 1960-இல், பொருளாதார அறிஞர் ஜான் மூத்தும் எக்ஸ்பொனன்ஷியல் சராசரி எந்தத் தொடருக்குச் சிறந்தது என்று கேட்டு இந்த மாதிரிக்கே வந்து சேர்ந்தார். இரு துறைகளையும் இணைத்து ஆய்வு செய்ய விரும்புவோர் இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

நகர்வடியின் அளவை மதிப்பிட்டால் பூச்சியம் வருகிறது. நிரலில் பிழையா?

பெரும்பாலும் இல்லை. உண்மை மதிப்பு சிறிதாக இருக்கும்போது கையிலுள்ள தரவு வர அதிக வாய்ப்புள்ள மதிப்பைத் தேடும் உச்ச நிகழ்தகவு முறை பூச்சியத்திலேயே போய்க் குவியும். ஸ்டாக்கும் வாட்சனும் 1998-இல் தந்த இடைநிலை-சார்பற்ற மதிப்பீடு (உண்மைக்கு மேலும் கீழும் சம வாய்ப்பில் விழுவது) இதற்கான மருந்து. இயற்கை வட்டி விகிதத்தை மதிப்பிடும் லாபக்-வில்லியம்ஸ் மாதிரியும் அதைத்தான் பயன்படுத்துகிறது. கருவி ஆய்வில் இதை முயன்று பார்ப்பவர்கள் குறைவு. நல்ல ஆய்வுத் தலைப்பு.

கட்டுப்பாட்டுக் கோட்பாடு பொருளாதாரத்துக்குப் பொருந்துமா?

நியூசிலாந்தில் பிறந்து மின்பொறியாளரான பில் ஃபிலிப்ஸ் 1949-இல் தண்ணீர் ஓடும் குழாய்களால் ஒரு பொருளாதார மாதிரி இயந்திரத்தைக் கட்டினார். 1954-இல் விகிதம் (இப்போதைய பிழை), தொகையீடு (இதுவரை சேர்ந்த பிழை), வகையீடு (பிழை மாறும் வேகம்) ஆகிய மூன்று வகைப் பின்னூட்டங்களையும் அரசுக் கொள்கையில் சோதித்தார். தொகையீட்டை மட்டும் நம்பினால் ஊசலாட்டம் வரும் என்பது அவர் கண்ட முடிவுகளில் ஒன்று.

இன்றைய விவாதமும் அங்கேதான் நிற்கிறது. 2016 சட்டத் திருத்தத்தின்படி இந்திய ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4%; இரு பக்கமும் 2% விளிம்பு. ஓர் ஆண்டு 6% ஆகிவிட்டால் மறு ஆண்டு மீண்டும் 4% தான் குறி. விலைமட்டம் 100-இலிருந்து 106, பிறகு 110.24, பழைய பாதையில் அது 108.16 ஆக இருந்திருக்கும். அந்த இடைவெளி மூடப்படுவதே இல்லை. விலைமட்டத்தையே இலக்காக வைத்தால் மறு ஆண்டுப் பணவீக்கம் 2.04% ஆக இறங்க வேண்டும். இது தொகையீட்டுக் கட்டுப்பாடு. 1931-இல் தங்க நாணய முறையைக் கைவிட்ட ஸ்வீடன் விலைமட்ட இலக்கை அறிவித்தது. அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் 2020-இல் சராசரிப் பணவீக்க இலக்கு என்று பாதி வழி வந்து, 2025-இல் பின்வாங்கியது.

வட்டி விகிதம் பூச்சியத்தை ஒட்டி நிற்கும்போது வால்வு முழுதாகத் திறந்துவிட்ட நிலைதான்: பிழை சேர்ந்துகொண்டே போகும், வால்வு அதற்குமேல் அசையாது. பொறியியலில் இந்த வைண்ட்-அப்பைத் தடுக்க நாற்பது வழிகள் இருக்கட்டும். முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. நீங்கள் திருத்துவதை உணரி அறியாது. மக்கள் அறிவார்கள், அறிந்து நடத்தையை மாற்றுவார்கள். ராபர்ட் லூகாஸ் 1976-இல் எழுப்பிய இந்த ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லாத எந்தப் பொருளாதாரக் கட்டுப்பாட்டு ஆய்வையும் ஏற்பது கடினம்.

இயந்திரக் கற்றலில் உணரி ட்ரிஃப்ட்டை ஆய்வு செய்ய நல்ல தரவு?

யு.சி.ஐ. (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், இர்வைன்) இயந்திரக் கற்றல் தரவுக் களஞ்சியத்தில் உள்ள வாயு உணரித் தொகுப்பு: 16 உணரிகள், 6 வாயுக்கள், 36 மாதங்கள், 13,910 அளவீடுகள், 10 தொகுதிகள். தரவைக் குலுக்கிப் போட்டுப் பயிற்சி, சோதனை என்று பிரித்தால் துல்லியம் பிரமாதமாக வரும், ஆனால் அர்த்தம் இருக்காது. எதிர்காலத்தின் ட்ரிஃப்ட் பயிற்சிக்குள் கசிந்துவிட்டது. முதல் தொகுதியில் பயிற்சி, இரண்டு முதல் பத்து வரை தனித்தனியே சோதனை என்று காட்டுங்கள்.

பின்னிணைப்பில் என்னென்ன கட்டாயம்?

கடைசியாக அளவுத்திருத்தம் செய்த தேதியும் ஒப்பீட்டின் வகையும். சூடேற விட்ட நேரம். அறை வெப்பத்தின் முழுப் பதிவு. வெட்டி எறிந்த தரவும் காரணமும். உணரி அல்லது அடிப்படை ஆண்டு மாறிய தேதிகள். ஒவ்வொரு சோதனைக்கும் பயன்படுத்திய எல்லை எண், பின்தங்கல் எண்ணிக்கை. இவற்றோடு, திருத்தத்துக்கு முந்தைய மூலத் தரவுக் கோப்பையும் தொடாமல் வையுங்கள். திருத்திய தரவு மட்டும் கையில் இருந்தால் திருத்தம் சரியா என்று பிறகு யாராலும் சோதிக்க முடியாது.